நிற்றலும் நிற்றல் நிமித்தமும்: தள்ளுவண்டித் திணை குறித்து ஓர் ஆராய்ச்சி

குறிஞ்சி முதல் பாலை வரை நிலம் பிரித்து ஒழுக்கம் வகுத்த நம் முன்னோர் நடைபாதையை விட்டுவிட்டார்கள். அந்தக் காலத்தில் நடைபாதை கிடையாது என்று சமாதானம் சொல்லலாம். இந்தக் காலத்திலும் கிடையாது; அது இருக்க வேண்டிய இடத்தில் தள்ளுவண்டி நிற்கிறது. எனவே அந்த நிலத்துக்குத் தள்ளுவண்டித் திணை என்று பெயர் சூட்டி, அதற்குரிய முதல், கரு, உரி மூன்றையும் நிறுவ முற்படுகிறது இக்கட்டுரை. 'தனக்கென நிலம் இல்லாத ஒன்றைத் திணை என்பது எங்ஙனம்?' என்று புலவர் யாரேனும் கேட்பின், பாலைக்கும்தான் தனி நிலம் இல்லை, அதை வைத்துக்கொண்டு எத்தனை பாட்டு பாடினீர்கள் என்று திருப்பிக் கேட்கப்படும். போதாததற்கு, 2014-இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, வண்டிக்காரரை இடம் மாற்றுவதென்றால் முப்பது நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். பாலைக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

ஆய்வுக்களம் சென்னை, திருவல்லிக்கேணி. கோவில்பட்டிக்காரனான இவ்வாய்வாளன் சின்ன மாமனார் வீட்டுக் கல்யாணத்துக்காக வந்து, மேன்ஷன் ஒன்றில் மூன்று இரவு தங்கினான். மண்டபத்தில் மூன்று வேளையும் இலை போட்டார்கள். அதை விட்டுவிட்டு மூன்று இரவும் தெருவில் சாப்பிட்டது முழுக்க முழுக்க ஆராய்ச்சி நிமித்தமே. இது என் மனைவிக்கும் சேர்த்துச் சொல்வது. உடன் ஆய்வாளர் அவளுடைய தம்பி. ஆறு வருஷமாகச் சென்னையில் வேலை பார்ப்பவன், ஆகவே இங்கே உள்ளூர்க்காரன். வெளியூர் நாக்கு ஒன்று, உள்ளூர் நாக்கு ஒன்று என்று ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல ஜோடி அமையாது.

முதற்பொருள்: நிலம், சாலை ஓரத்துக்கும் சாக்கடை மூடிக்கும் இடைப்பட்டது. சிறுபொழுது, மாலை ஆறரையில் தொடங்கி ரோந்து வண்டி வரும்வரை. கருப்பொருளுக்குத் தட்டுப்பாடே இல்லை. தெய்வம், வண்டியின் கண்ணாடிப் பெட்டியில் பிள்ளையாரும் மாதாவும் மெக்காவும் சேர்ந்திருக்கும் ஒரே ஸ்டிக்கர். விலங்கு, நாய், திருவல்லிக்கேணியில் மட்டும் கூடுதலாகப் பசு. நீர், இருபது லிட்டர் கேன். பறை, கொத்து பரோட்டாக் கல்லில் விழும் இரட்டைக் கரண்டி. அந்தத் தாளக்கட்டு இரண்டு தெரு தள்ளி இருப்பவனுக்கும் பசியைக் கிளப்பும். யாழ் என்று சொல்ல ஒன்று இருக்கிறது. அது குல்ஃபி வண்டி மணி. அதைப் பிறகு பார்ப்போம், ஏனெனில் இத்திணையில் அது பிறகுதான் வரும்.

உரிப்பொருள்தான் கட்டுரையின் உயிர். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்ற பழைய பட்டியலில் இத்திணைக்கு மிக அருகில் வருவது 'இருத்தல்'. ஆனால் இங்கே இருக்க இடமில்லை. ஆகவே நிற்றலும் நிற்றல் நிமித்தமும் என்று கொள்க. நிற்றல் நிமித்தமாவது, வரிசையில் நிற்றல், சில்லறைக்கு நிற்றல், 'ஒரு நிமிஷம் சார், மாவு வந்துட்டே இருக்கு' என்பதை நம்பி நிற்றல் முதலாயின.

இதை நான் நூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதல் நாள் இரவு இட்லி வண்டிக்கார அக்கா என் கையில் தட்டைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"சாருக்குத் தெக்க எந்த ஊரு?"

"கோவில்பட்டி. எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"தட்டை வாங்கினு உக்கார எடம் தேடினியே சார்."

மைத்துனன் சிரித்தான். அவன் தட்டை வாங்கிய வேகத்திலேயே மின்கம்பத்தில் ஒரு தோளைச் சாய்த்து, ஒரு காலை மடக்கி, கொக்கு மாதிரி நின்றுவிட்டான். அவன் 'என்ன இருக்கு?' என்று கேட்கவுமில்லை. 'அக்கா, ரெண்டு' என்றான். அவனுக்குக் கல் தோசையும் வடகறியும் வந்தன. எனக்கோ என்ன இருக்கிறது என்பதன் முழுப் பட்டியலும், அதில் எது எது தீர்ந்துவிட்டது என்பதன் முழுப் பட்டியலும் வந்தன. இரண்டும் ஒரே நீளம்.

இங்கே 'கையேந்தி பவன்' என்ற சொல்லாட்சியை ஆராய்வது கடமை. கையேந்துதல் என்றால் தமிழில் பிச்சை கேட்பது. பவன் என்பது ஏ.சி. ஹாலும் வெள்ளை உடைச் சப்ளையரும் உள்ள சைவ ஓட்டல்களின் குலப்பெயர். இரண்டையும் ஒட்டவைத்து, கடைக்காரரைக் கேலி செய்யாமல், சாப்பிடுகிற தன்னையே கேலி செய்துகொண்ட ஊர் சென்னை. என் கணிப்பில், இந்த நூற்றாண்டிலும் போன நூற்றாண்டிலும் கலைச்சொல்லாக்கக் குழு எதுவும் இதற்குச் சமமாக ஒரு சொல்லைச் செய்து தரவில்லை.

கை ஏந்தியாயிற்று, ஏந்திய பிறகுதான் சங்கடம். மனிதனுக்குக் கை இரண்டு. ஒன்றில் தட்டு, மற்றதில் சாப்பாடு. கையில் கொண்டுவந்த பையை என்ன செய்வது? இதை மூன்றாங்கைச் சிக்கல் என்று அழைப்போம். உள்ளூர்க்காரன் பை கொண்டு வருவதில்லை, ஆகவே அவனுக்கு இந்தச் சிக்கலே இல்லை. வெளியூர்க்காரன் பையை இரண்டு கால்களுக்கும் நடுவே வைத்துக் கவ்விக்கொள்கிறான். அந்த நிலையில் அவனால் நகர முடியாது. சாம்பார் கேட்கத் திரும்ப வேண்டுமென்றால் பென்குயின் மாதிரி இரண்டு கணுக்காலையும் சேர்த்தே திருப்ப வேண்டும். இந்தச் சமயம் பார்த்துத்தான் செல்போன் அடிக்கும். அது நாலாங்கைச் சிக்கல்; அதற்கு இந்த ஆய்வில் தீர்வு இல்லை.

தட்டு விஷயத்தில் ஒரு நுட்பம். எவர்சில்வர் தட்டின் மேல் ஒரு துண்டு வாழை இலை, அல்லது மெல்லிய தாள். இலையின் நடுநரம்பு மேடாக இருப்பதால் சட்னி ஒரு பக்கமும் சாம்பார் ஒரு பக்கமும் நிற்கும் என்பது கொள்கை. நடைமுறையில் இடது மணிக்கட்டு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் இரண்டும் போய், ஓரத்தில் கூட்டணி வைத்து, கட்டை விரலைத் தொட்டுவிட்டுத்தான் நிற்கும். சூடு தாங்காமல் விரலை எடுத்தால் தட்டு போகும். எடுக்காவிட்டால் விரல் போகும். நான் விரலைத் தியாகம் செய்தேன்.

நிற்க. (இந்தச் சொல்லை நம் கட்டுரையாளர்கள் காலங்காலமாகப் பத்தி மாற்றப் பயன்படுத்துகிறார்கள். முதன்முறையாக அது பொருளோடு வருகிறது.)

வண்டிகளைச் சிலர் அளவைக் கொண்டும் சிலர் பண்டத்தைக் கொண்டும் வகைப்படுத்துவர். இரண்டும் பிழை. நால்வகைப் படைதான் சரியான அடிப்படை. மெரினா மணலில் தூக்கைத் தூக்கிக்கொண்டு தேங்காய், மாங்காய், பட்டாணி சுண்டல் என்று கூவி வரும் பையன்கள் காலாட்படை. சைக்கிளின் பின்னால் டீ கேனோ ஐஸ் பெட்டியோ கட்டியவர்கள் குதிரைப்படை. நாலு சக்கரமும், கூரையும், நெற்றியில் பெட்ரோமாக்ஸுக்குப் பதில் எல்.இ.டி. பல்பும் உள்ள தள்ளுவண்டி தேர்ப்படை. யானைப்படைக்கு எங்கே போவது என்று கவலைப்பட வேண்டாம். 2005-இல் டாடா ஏஸ் என்ற சிறு லாரி வந்தது. தமிழ்நாடு அதற்குத் தானாகவே 'குட்டி யானை' என்று பெயர் வைத்துவிட்டது. அதன் முதுகைத் திறந்து, அடுப்பை ஏற்றி, கரும்பலகையில் பாஸ்தா, பர்கர் என்று எழுதினால் ஃபுட் டிரக். படை முற்றிற்று.

அயல்நாட்டுச் சான்று காட்டாத ஆய்வை நம் பல்கலைக்கழகங்கள் பொருட்படுத்துவதில்லை என்பதால் சில. அமெரிக்காவில் 1866-இல் சார்லஸ் குட்நைட் என்ற மாட்டுப் பண்ணைக்காரர், மந்தையை ஓட்டிப் போகும் ஆட்களுக்குச் சமைக்க, பழைய ராணுவ வண்டி ஒன்றில் அலமாரி கட்டினார். ஃபுட் டிரக் குலத்துக்கு அவரையே ஆதி என்பர். 1920-இல் ஓஹாயோ மாநிலத்து யங்ஸ்டவுனில் ஹாரி பர்ட் என்ற மிட்டாய்க்காரர், குச்சியில் குத்திய ஐஸ்கிரீமை வண்டியில் ஏற்றி, மகனுடைய பனிச்சறுக்கு வண்டியின் மணிகளை எடுத்து அதில் மாட்டி, தெருத் தெருவாக அனுப்பினார். மணி அடித்தால் பிள்ளைகள் ஓடி வரும் என்பதை அங்கே அப்போதுதான் கண்டுபிடித்தார்களாம். கோவில்பட்டியில் எங்கள் பள்ளி வாசலில் ஐஸ்காரர் மரப்பெட்டியின் மூடியைத் தட்டுவார். மணிகூட வேண்டாம். 'டப்' என்ற ஒரு சத்தத்தில் மொத்த ஆறாம் வகுப்பும் கணக்கை மறக்கும்.

குச்சி ஐஸுக்கும் அங்கேதான் பிறப்புச் சான்றிதழ். 1905-இல் ஃபிராங்க் எப்பர்சன் என்ற பதினொரு வயதுப் பையன் சோடாத் தண்ணீரைக் கலக்கு குச்சியோடு வாசலில் மறந்து வைத்துவிட்டுத் தூங்கப் போனான். இரவுக் குளிரில் உறைந்துவிட்டது. 1924-இல் காப்புரிமை பெற்றார். இதே மறதி எங்கள் ஊரில் நடந்திருந்தால் காலையில் எறும்பு கண்டுபிடிக்கப்பட்டிருக்கும்.

ஆனால் சேமியா ஐஸ் நம்முடையது. அதன் கட்டுமானத்தை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அச்சில் பாலை ஊற்றும்போது சேமியா கனம் தாங்காமல் அடியில் படிகிறது, மேலே குச்சி. உறைந்த பின் குச்சியைப் பிடித்து எடுத்தால் அடி நுனியாகிறது, சேமியா உச்சிக்கு வந்துவிடுகிறது. அதாவது சுவையான பகுதி முதலிலேயே முடிந்து, மிச்ச ஐஸ் முழுக்க அதன் நினைவாகவே சாப்பிட வேண்டியிருக்கிறது. கடைசிவரை சேமியா வரும் என்று நம்பிக் குச்சியைக் கடித்தவர்களில் நானும் ஒருவன்.

இனி மையக் கருதுகோள். மூன்று இரவுகளில் ஏழு இடங்களில் கால்நடையாக அளந்து பார்த்ததில், சூடான வண்டிக்கும் குளிர்ந்த வண்டிக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ இருபது தப்படி. இதற்குக் குறைந்தால் தோசைக்கல் அனல் ஐஸ் பெட்டிமேல் அடிக்கும். கூடினால் சாப்பிட்டவர் மனம் மாறி, பீடாக் கடைக்குப் போய்விடுவார். இந்த இருபது தப்படியை யாரும் நாடா வைத்துக் குறித்துக் கொடுக்கவில்லை. காரச் சட்னி குறித்துக் கொடுத்தது என்பதே என் துணிபு. மிளகாயின் எரிச்சலுக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரையாது. எண்ணெயிலும் கொழுப்பிலும்தான் கரையும். ஆகவே கேன் தண்ணீரை எத்தனை டம்ளர் குடித்தாலும் காரம் வாய்க்குள் ஊர்வலம் வருமே தவிர இறங்காது. பாலில் உள்ள கேசின் என்ற புரதம் வந்துதான் அதைக் கழுவி அப்புறப்படுத்த வேண்டும். ஆகவே காரச் சட்னிக்குக் குச்சி ஐஸ் வீண். பால் சுண்டிய குல்ஃபியே மருந்து. இட்லிக்கார அக்காவும் குல்ஃபிக்கார பீகார் பையனும் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாமலே, ஒரே வியாபாரத்தின் முதல் பாதியும் இரண்டாம் பாதியுமாக நிற்கிறார்கள்.

இதைச் சோதிக்க இரண்டாம் நாள் பாரிமுனைக்குப் போனோம். பர்மாவிலிருந்து 1960-களில் திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ, பீச் ஸ்டேஷன் எதிரே வண்டிகளில் கிடைக்கிறது. நூடுல்ஸ், முட்டைகோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப்பு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. 'அத்தான், அழாதீங்க, பாக்குறவங்க நான் ஏதோ பண்ணிட்டேன்னு நெனைப்பாங்க' என்றான் மைத்துனன். குல்ஃபி இருபது தப்படியில் இல்லை; நாற்பதில் இருந்தது. விதிக்கு விலக்கு என்று குறித்துக்கொண்டேன், ஓடிக்கொண்டே.

குல்ஃபிப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தேன். உள்ளே ஐஸ் துண்டுகள், அவற்றின்மேல் கல் உப்பு, நடுவே மூடி போட்ட அலுமினியக் கூம்புகள். மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை. உப்பு சேர்ந்தால் ஐஸ் பூஜ்யம் டிகிரியில் நிற்காது. உருகிக்கொண்டே தன் சூட்டையும் பக்கத்திலுள்ளதன் சூட்டையும் உறிஞ்சும். சரியான விகிதத்தில் கலந்தால் பூஜ்யத்துக்குக் கீழே 21 டிகிரி வரை போகலாம். உருகினால்தான் உறையவைக்க முடியும் என்ற இந்த விஷயத்தை ஒரு சைவ சித்தாந்தி கையில் கொடுத்தால் ஒரு மணி நேரம் பேசுவார். நான் முப்பது ரூபாய் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டேன்.

குல்ஃபி மெதுவாக உருகுவதற்கு அதில் காற்று இல்லாததும் காரணம். ஐஸ்கிரீமைக் கடைந்து காற்றை ஏற்றுகிறார்கள், குல்ஃபியைக் கடைவதில்லை. ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராமுக்குக் குறையக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது என்றால், கிட்டத்தட்ட மீதிப் பாதிக் காற்றுக்குச் சட்டமே அனுமதி கொடுத்திருக்கிறது என்று பொருள். பாலின் கொழுப்புக்குப் பதில் தாவரக் கொழுப்பைச் சேர்த்தால் அதை ஐஸ்கிரீம் என்று சொல்லவே கூடாது, 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று அச்சிட வேண்டும். அடுத்த முறை கப்பின் அடியில் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். படிப்பதற்குள் உருகிவிடும் அளவில்தான் அச்சிடுகிறார்கள்.

மூன்றாம் நாள் இரவு ஒரு குல்ஃபியைக் கையில் பிடித்தபடி நடந்து ஐஸ் ஹவுஸ் முன் போய் நின்றோம். இந்த ஆய்வின் தீர்த்த யாத்திரை அது. பாஸ்டன் நகரத்து ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி, குளிர்காலத்தில் உறைந்த குளங்களின் பனியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, பாய்மரக் கப்பலில் ஏற்றி வெப்ப நாடுகளுக்கு விற்றவர். 1833-இல் கல்கத்தாவுக்கு முதல் கப்பல். ஆப்பிரிக்காவைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இரண்டு முறை தாண்டி, நாலு மாதம் பயணம். ஏற்றியது 180 டன், வந்து சேர்ந்தது சுமார் 100. எண்பது டன் பனியை அட்லாண்டிக்குக்கும் இந்துமாக்கடலுக்கும் தானம் செய்துவிட்டு மிச்சத்தை விற்று லாபம் பார்த்த மனிதர். சென்னையில் கடலோரமாக அவருடைய கிடங்கு 1842-இல் எழுந்தது. கல்கத்தா, பம்பாய்க் கிடங்குகள் போய்விட்டன. இது மட்டும் நிற்கிறது. வால்டன் குளத்தில் பனி வெட்டுவதைப் பார்த்த தோரோ, அந்தத் தண்ணீரைச் சென்னைக்காரர்கள் குடிக்கப் போவதை நினைத்து 1854-இல் வந்த தன் புத்தகத்தில் பெருமிதப்படுகிறார். அதில் சட்னி காரம் பற்றிக் குறிப்பு எதுவும் இல்லை.

பிறகு ஐஸை இங்கேயே இயந்திரத்தில் செய்யத் தொடங்கினார்கள். கப்பல் வியாபாரம் கரைந்தது. கட்டடம் கைமாறி, 1897-இல் சிகாகோ புகழோடு திரும்பிய விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். பின்னாளில் சகோதரி சுப்புலட்சுமியின் இளம் விதவையர் இல்லம் அங்கே இயங்கியது. இன்று அதன் பெயர் விவேகானந்தர் இல்லம். ஆனால் பஸ் கண்டக்டர் இன்றும் 'ஐஸ் ஹவுஸ் எறங்கு' என்கிறார். காவல் நிலையத்துக்கும் அதுவே பெயர். ஒருவரைப் புகழ்ந்து காரியம் சாதிப்பதை 'ஐஸ் வைத்தல்' என்கிறோமே, அது இந்தக் கிடங்கில் பிறந்த வழக்கா என்று மைத்துனன் கேட்டான். ஆதாரம் இல்லாமல் இவ்வாய்வாளன் எதையும் சொல்வதில்லை. ஆனால் 'அக்கா, உங்க வடகறி மாதிரி எங்கயும் இல்ல' என்று அவன் முதல் நாள் சொன்னதும் அவன் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி விழுந்ததை நான் பார்த்தேன்.

இந்த இடத்தில் விபத்து. பேச்சு சுவாரசியத்தில் குல்ஃபியை ஒரேயடியாகக் கடித்தேன். மண்டைக்குள் ஜிவ்வென்று ஓர் ஆணி இறங்கியது. மேலண்ணத்தில் திடீரென்று குளிர் பட்டால் ரத்தக் குழாய்கள் சுருங்கி விரிவதால் நெற்றி வலிக்கும். மருத்துவத்தில் இதற்கு ஸ்பீனோபாலட்டைன் கேங்கிலியோநியூரால்ஜியா என்று பெயர். பெயரை உச்சரித்து முடிப்பதற்குள் வலி போய்விடும். நெற்றியைப் பிடிக்கக் கையை உயர்த்தியபோது மூன்றாங்கைச் சிக்கல் மறுபடி தலைதூக்கி, குல்ஃபியின் மிச்சப் பாதி குச்சியை விட்டு நழுவி நடைபாதையில் விழுந்தது. திருவல்லிக்கேணிப் பசு ஒன்று வந்தது, முகர்ந்தது, சாப்பிட்டது. பால் தன் மூலத்துக்கே போய்ச் சேர்ந்தது. 'ஆராய்ச்சி முடிஞ்சுதா அத்தான்?' என்றான் மைத்துனன்.

முடியவில்லை. மழை நாளில் தப்படிக் கணக்கு மாறுமா, யானைப்படையின் பாஸ்தாவுக்குக் குல்ஃபி தேவைப்படுமா, பசுவுக்குச் சேமியா ஐஸ் பிடிக்குமா என்பவை பாக்கி. மதுரைக்குப் போய், ஜிகர்தண்டா உறைந்ததா உறையாததா என்று தீர்ப்பு சொல்ல வேண்டிய வழக்கும் நிலுவையில் இருக்கிறது. இவ்வாய்வைத் தொடர நிதி எதுவும் வேண்டாம். சென்னையில் இன்னொரு கல்யாணம் வேண்டும். சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள், லேசாகத் தெரிந்தவர்கள் யாராயிருந்தாலும் பத்திரிகை அனுப்புங்கள். மண்டபம் திருவல்லிக்கேணிக்கு நடந்து வரும் தூரத்தில் இருந்தால் உத்தமம். பந்தியில் எனக்கு இலை போட வேண்டியதில்லை.